பூட்டிய கைபேசியும் பேச வேண்டும்

நினைவிழந்த ஒருவர் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்படும்போது, அவருடன் வருபவர் பல வேளைகளில் அவரை அறியாதவராகவே இருக்கிறார். பேருந்து நிறுத்தத்தில் அருகில் நின்றவரோ, ஆட்டோ ஓட்டுநரோ, 108 ஊர்தியின் மருத்துவ உதவியாளரோ நோயாளியின் சட்டைப்பையிலிருந்த கைபேசியை எடுத்து எங்கள் செவிலியரிடம் ஒப்படைக்கிறார். அதனுள் மனைவியின் எண் இருக்கிறது. மகளின் எண் இருக்கிறது. சென்ற வாரம் மருத்துவர் எழுதித் தந்த மருந்துச் சீட்டின் படமும் இருக்கிறது. ஆனால் திரை பூட்டப்பட்டிருக்கிறது.

அந்நிலையில் நாங்கள் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: அந்தக் கைபேசி தானாக ஒலிக்கும்வரை காத்திருப்பது. பூட்டிய கைபேசியிலிருந்து உறவினரை அழைக்க இயலாது. ஆனால் உள்ளே வரும் அழைப்பை எடுக்க இயலும். ஆகவே அதை மின்னேற்றத்தில் இணைத்து, செவிலியர் மேசையின் மீது வைத்துவிட்டு, வீட்டிலிருந்து யாராவது "எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்க மாட்டார்களா என எதிர்பார்த்திருக்கிறோம். சில வேளைகளில் பத்து நிமிடத்தில் அழைப்பு வருகிறது. சில வேளைகளில் மாலைவரை வருவதில்லை. அலுவலகத்துக்குச் சென்றவர் மாலையில்தான் திரும்புவார் என்று வீட்டில் இருப்பவர்கள் கவலையின்றி இருப்பார்கள்.

"நோயாளியின் விரலை வைத்துத் திறந்துவிடலாமே?" என்று உடன் வந்தவர்கள் கேட்பதுண்டு. வியர்வையிலும் ஈரத்திலும் நனைந்த விரலைக் கருவி எளிதில் ஏற்பதில்லை. கைபேசி ஒருமுறை அணைந்து மீண்டும் இயங்கினால், விரல் ரேகையோ முகமோ போதாது. இரகசிய எண்ணைக் கொடுத்தே தீர வேண்டும். இவை தொழில்நுட்பக் காரணங்கள். இவற்றினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஒருவருடைய வங்கிக் கணக்கு, கடிதப் போக்குவரத்து, குடும்பப் படங்கள் அனைத்தும் அடங்கிய கருவியை, அவர் அறியாத வேளையில் அவருடைய விரலைப் பிடித்துத் திறப்பது எங்களுக்கு உவப்பான செயல் அன்று.

இந்த இக்கட்டுக்கான தீர்வு உங்கள் கைபேசியிலேயே பல ஆண்டுகளாக இருக்கிறது. பூட்டைத் திறக்காமலேயே, உங்கள் பெயர், நோய், மருந்து, ஒவ்வாமை, உறவினரின் எண் ஆகியவற்றை மட்டும் காட்டும் வசதி அது. ஐபோனில் 2014 முதலும், ஆண்ட்ராய்டு கைபேசிகளில் 2016-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு முதலும் இவ்வசதி உள்ளது. ஆயினும் எங்களிடம் வரும் கைபேசிகளில் இதை நிரப்பி வைத்திருப்பவர்கள் மிகச் சிலரே.

முதல் அரை மணி நேரத்தில் நாங்கள் கேட்கும் கேள்விகள்

இதனால் என்ன பயன் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கினால் நன்கு புலப்படும். மூளை இரத்தக் குழாயில் அடைப்பு ஏற்பட்டு ஒருபக்கக் கை கால் செயலிழந்து, பேச்சும் குழறிய நிலையில் ஒருவர் வருகிறார் என்று கொள்வோம். அடைப்பைக் கரைக்கும் மருந்து ஒன்று உண்டு. பொதுவாக, அறிகுறி தோன்றிய நான்கரை மணி நேரத்துக்குள் அதைச் செலுத்த வேண்டும். நேரம் செல்லச் செல்ல அதன் பயன் குறைகிறது; இரத்தக் கசிவு என்னும் ஆபத்தோ நீங்குவதில்லை. எனவே மருத்துவர் முதலில் கேட்பது, "கடைசியாக இவர் நலமாக இருந்ததைப் பார்த்தவர் யார்? எத்தனை மணிக்கு?" என்பதே. நோயாளியால் விடை சொல்ல இயலாது. தெருவில் தூக்கி எடுத்தவருக்கும் தெரியாது. காலை ஒன்பது மணிக்கு அவருடன் சிற்றுண்டி உண்ட மனைவிக்குத் தெரியும். ஒன்பதே முக்காலுக்குத் தொலைபேசியில் பேசிய மகனுக்குத் தெரியும். அவர்களை நாங்கள் எட்டினால் கடிகாரக் கணக்கு தெளிவாகிறது. எட்ட முடியாவிட்டால், கொடுத்திருக்கக்கூடிய மருந்தைக் கொடுக்கத் தயங்க வேண்டியதாகிறது.

இரண்டாவது கேள்வி, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எதையேனும் இவர் உட்கொள்கிறாரா என்பது. செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டவர்களும், இதயத் துடிப்பு ஒழுங்கற்று இருப்பவர்களும், காலில் இரத்தக் கட்டி ஏற்பட்டவர்களும் இத்தகைய மருந்தை நாள்தோறும் உட்கொள்கிறார்கள். வார்ஃபரின் வகை மருந்தாக இருந்தால் இரத்தப் பரிசோதனை அதைக் காட்டிக் கொடுத்துவிடும். டாபிகாட்ரான், அபிக்ஸபான், ரிவராக்ஸபான் போன்ற பிற்கால மருந்துகளை வழக்கமான பரிசோதனை நம்பத்தக்க வகையில் காட்டுவதில்லை. ஆய்வகத்தால் உடனே சொல்ல இயலாத ஒன்றை, உங்கள் பூட்டுத் திரையின் ஒரு வரி சொல்லிவிடும். பக்கவாதத்துக்கு மட்டுமன்று; கீழே விழுந்து தலையில் அடிபட்டு வரும் முதியவருக்கும் இந்த ஒரு வரியைப் பொறுத்தே சிகிச்சையின் போக்கு மாறுகிறது.

சர்க்கரையின் அளவு தாழ்ந்து மயங்கியவரைப் பொறுத்தவரை நிலைமை சற்று எளிது. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து ஒரு நிமிடத்துக்குள் அறிந்துகொள்கிறோம். ஆனால் அவர் உட்கொள்ளும் மருந்து எது என்பது அடுத்த கேள்வி. கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரைகளின் தாக்கம் நீண்ட நேரம் நிற்கும். குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து அமர்ந்து "சரியாகிவிட்டது, வீட்டுக்குப் போகிறேன்" என்பவர், சில மணி நேரத்தில் மீண்டும் மயங்கக்கூடும். மருந்தின் பெயர் தெரிந்தால் அவரைத் தங்க வைத்துக் கவனிப்போம்.

இவை தவிர, பெனிசிலின் போன்ற மருந்துகளுக்கு ஒவ்வாமை, வலிப்பு நோய், நீண்ட காலமாக உட்கொள்ளும் ஸ்டீராய்டு மாத்திரை, இதயமுடுக்கி முதலிய உட்பொருத்திய கருவிகள், டயாலிசிஸ் செய்துகொள்பவராயின் எந்தக் கையில் ஃபிஸ்டுலா அமைக்கப்பட்டுள்ளது என்பது ஆகியவற்றை எழுதி வைப்பது நலம். ஃபிஸ்டுலா உள்ள கையில் ஊசி குத்துவதும் இரத்த அழுத்தம் பார்ப்பதும் கூடாது. மயங்கிய நோயாளி "இந்தக் கை வேண்டாம்" என்று சொல்ல மாட்டார். ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடர்ந்து உட்கொள்பவருக்கு, உடல் பெரும் நெருக்கடியில் இருக்கும்போது அம்மருந்து தடைப்பட்டால், இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும்.

இரத்த வகையை எழுதுவதில் பலரும் ஆர்வம் காட்டுகிறார்கள். எழுதுங்கள், தவறில்லை. ஆனால் கைபேசியைப் பார்த்து எந்த மருத்துவமனையும் இரத்தம் ஏற்றுவதில்லை. எத்தனை முறை சொன்னாலும் மீண்டும் பரிசோதித்தே ஏற்றுவோம். இரத்த வகையை எழுதிவிட்டு மருந்தின் பெயரை விட்டுவிடுவதே நாங்கள் அதிகம் காணும் குறை.

எப்படி நிரப்புவது?

ஆண்ட்ராய்டு கைபேசியில் 'செட்டிங்ஸ்' பகுதியைத் திறந்து, 'சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி' என்ற தலைப்பைத் தேடுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் இதன் இடம் மாறுகிறது. கண்ணில் படாவிட்டால், செட்டிங்ஸின் மேற்பகுதியில் உள்ள தேடும் கட்டத்தில் 'எமர்ஜென்சி' என்று தட்டச்சு செய்தால் பெரும்பாலும் வந்துவிடும். அங்கே மருத்துவத் தகவலுக்கு ஓர் இடமும், அவசரத் தொடர்பு எண்களுக்கு ஓர் இடமும் இருக்கும். இரண்டையும் நிரப்பிய பின், பூட்டிய திரையிலும் தெரிய வேண்டும் என்னும் தெரிவு கேட்கப்பட்டால் அதை இயக்குங்கள்.

ஐபோனில் 'ஹெல்த்' செயலியைத் திறந்து, மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டால் 'மெடிக்கல் ஐடி' வரும். அதில் 'ஷோ வென் லாக்ட்' என்பதை மறவாமல் இயக்க வேண்டும். எல்லாவற்றையும் பொறுமையாக நிரப்பிவிட்டு இந்த ஒன்றை விட்டுவிட்டால், தகவல் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும்.

மருந்தின் பெயர்களை, மருந்துச் சீட்டில் உள்ளபடி ஆங்கில எழுத்திலேயே எழுதும்படி கேட்டுக்கொள்கிறோம். வெளியூரில், வெளிமாநிலத்தில் நோய்வாய்ப்பட்டால் அங்குள்ள மருத்துவரும் படிக்க வேண்டும் அல்லவா? இறுதியில், தகவலை எழுதிய தேதியையும் குறிப்பிடுங்கள். இதை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஆறு மாதங்களுக்கு முன்பு நிறுத்தப்பட்ட மருந்து இன்னும் திரையில் இருந்தால், அது எங்களைத் தவறான வழியில் இட்டுச் செல்லும். வீடு திரும்பும் நாளில் உங்களிடம் தரப்படும் டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்துப் பட்டியல் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு அன்றே கைபேசியைத் திருத்திவிடுவது நல்ல வழக்கம். பட்டியலை ஒரு படம் எடுத்து, உடன் இருந்து கவனிப்பவரின் கைபேசியிலும் சேமித்து வையுங்கள்.

அவசரத் தொடர்புக்கு இரண்டு பேரையாவது கொடுங்கள். கணவன் மனைவி இருவரும் ஒரே ஊர்தியில் பயணம் செய்து விபத்தில் சிக்கினால், ஒருவருக்கு மற்றவர் எண் பயன்படாது. உறவுமுறையையும் குறிப்பிடுங்கள். எண்ணை 'அப்பா' என்றோ 'மூத்த மகள்' என்றோ சேமித்திருந்தால் யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எங்களுக்குப் புரிகிறது. 'செல்லம்' என்று சேமித்திருந்தால், மறுமுனையில் எடுப்பது மனைவியா, பேரப்பிள்ளையா என்று தெரியாமல் தடுமாறுகிறோம்.

நிரப்பிய பின் ஒரு சோதனை செய்யுங்கள். கைபேசியைப் பூட்டி, இதுபற்றி ஏதும் அறியாத ஒருவரிடம் கொடுத்து, "என் மருந்தின் பெயரைக் கண்டுபிடியுங்கள்" என்று கேளுங்கள். இரகசிய எண் கேட்கும் திரையில் 'எமர்ஜென்சி' என்ற சொல் இருக்கும். அதைத் தொட்டால் மருத்துவத் தகவலுக்கான வழி தெரியும். சோதனையின்போது எந்த எண்ணையும் அழைத்துவிடாதீர்கள். தவறுதலாக அவசர அழைப்பு சென்றுவிட்டால் பதறித் துண்டிக்காமல், மறுமுனையில் பேசுபவரிடம் தவறி வந்த அழைப்பு என்று சொல்லிவிட்டு வையுங்கள்.

இந்தத் திரையை, கைபேசியை எடுக்கும் எவரும் காணலாம் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். ஆதார் எண், வங்கி விவரம், வீட்டு முகவரி ஆகியவை அங்கே தேவையில்லை. பிறர் அறியக்கூடாது என்று நீங்கள் கருதும் நோய் ஒன்று இருக்குமானால், அதை எழுதியே தீர வேண்டும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். அதற்கு மாற்றாக, அந்நோயை முழுவதும் அறிந்த ஒருவரை அவசரத் தொடர்பாக வையுங்கள். திரை மௌனமாக இருந்தாலும் அவர் எங்களிடம் சொல்வார்.

பொத்தான் கைபேசி வைத்திருப்பவர்கள்

2005-இல் இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியப் பகுதியில் ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளராகப் பணியாற்றிய பாப் பிராட்சி என்பவர் எளிய யோசனை ஒன்றைப் பரப்பினார். உறவினரின் எண்ணை 'ஐ.சி.இ' என்ற மூன்று எழுத்துகளின்கீழ்ச் சேமித்து வைக்க வேண்டும் என்பது அது. 'அவசர நேரத்தில்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் அவை. அவ்வாண்டு ஜூலையில் லண்டனில் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளுக்குப் பின் அது உலகெங்கும் பரவியது. திறன்பேசிகள் பூட்டோடு வந்த பின்னர் அந்த யோசனை பயனிழந்தது. பூட்டிய பெட்டிக்குள் பெயர் எதுவாக இருந்தால் என்ன? ஆனால் நம் வீட்டுப் பெரியவர்கள் பலரும் வைத்திருக்கும் பொத்தான் கைபேசிகளில் பெரும்பாலும் இரகசிய எண் இருப்பதில்லை. அங்கே இம்முறை இன்றும் செல்லும். மகனின் பெயருக்கு முன் 'அவசரம்' என்று சேர்த்து எழுதிவிட்டால் போதும். தேடுபவருக்கு ஐயம் எழாது.

அவசர அழைப்புக்கும் அதில் வழியுண்டு. நடுவண் அரசு 2016-இல் வகுத்த விதிகளின்படி, பொத்தான் கைபேசியில் 5 அல்லது 9 என்ற எண்ணைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் அவசர அழைப்பு செல்ல வேண்டும். திறன்பேசியில் ஆன்-ஆஃப் பொத்தானை விரைந்து மூன்று முறை அழுத்தினால் செல்ல வேண்டும். சில ஆண்ட்ராய்டு கைபேசிகளில் ஐந்து முறை அழுத்த வேண்டியிருக்கிறது. உங்கள் கைபேசியில் எவ்வாறு என்பதை நலமாக இருக்கும் நாளிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். காவல், தீயணைப்பு, மருத்துவம் ஆகிய மூன்றுக்கும் பொதுவான 112 என்ற எண்ணைப் பூட்டிய கைபேசியிலிருந்தும் அழைக்கலாம்.

கைபேசியின் உறைக்கும் பின்புறத்துக்கும் இடையே, மருந்துகளின் பெயரும் இரு தொலைபேசி எண்களும் எழுதிய சிறு தாள் ஒன்றையும் வைக்கலாம். இதைச் சொன்னால் இளைஞர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் மின்னேற்றம் தீர்ந்த கைபேசியிலும், திரை உடைந்த கைபேசியிலும், நீரில் விழுந்த கைபேசியிலும் அந்தத் தாள் ஒன்றே வேலை செய்கிறது. எங்களைக் கேட்டால், திறன்பேசி வைத்திருப்பவர்களும் இதைச் செய்யலாம் என்போம்.

அழைப்பை எடுக்க வேண்டியவர்கள்

இதுவரை சொன்னவை அனைத்தும், மறுமுனையில் இருப்பவர் தொலைபேசியை எடுத்தால்தான் பயன் தரும். இரவு இரண்டு மணிக்கு நாங்கள் அழைக்கிறோம்; கைபேசி ஒலியடக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அல்லது எங்கள் எண் அறிமுகமற்ற எண்ணாகத் தோன்றுவதால் விளம்பர அழைப்பு என்று கருதி விட்டுவிடுகிறார்கள். வீட்டில் ஒருவர் உள்நோயாளியாக இருக்கும் நாள்களில், மருத்துவமனையின் எண்களைப் பெயரிட்டுச் சேமித்து, 'டு நாட் டிஸ்டர்ப்' என்னும் அமைதி நிலையிலும் ஒலிக்கும்படி விலக்களிக்கப்பட்ட எண்களுடன் சேர்த்துவிடுங்கள். ஒரே எண்ணிலிருந்து இரண்டாம் முறை அழைப்பு வந்தால் ஒலிக்கச் செய்யும் தெரிவும் அங்கே உண்டு. ஐபோனில் மூன்று நிமிடத்துக்குள்ளும், ஆண்ட்ராய்டில் பதினைந்து நிமிடத்துக்குள்ளும் வரும் இரண்டாம் அழைப்பு இவ்வாறு ஒலிக்கும். ஆகவே நீங்கள் யாரையேனும் அவசரமாக அழைக்க நேர்ந்தாலும், முதல் அழைப்பு எடுக்கப்படாவிட்டால் உடனே மீண்டும் அழையுங்கள். ஆனால் கைபேசியையே முழுமையாக ஒலியடக்கி வைத்திருந்தால் இந்த விலக்கு எதுவும் உதவாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மருத்துவமனையின் பெயரைச் சொல்லிப் பணம் பறிக்க முயல்பவர்களும் இருக்கிறார்கள். உங்கள் உறவினருக்கு ஆபத்து, உடனே இந்த எண்ணுக்குப் பணம் அனுப்புங்கள் என்று யாரேனும் அழைத்தால், அழைப்பைத் துண்டித்துவிட்டு, நோயாளியின் கோப்பில் அச்சிடப்பட்டுள்ள எண்ணுக்கு நீங்களே அழைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள். பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணைத் தாமதமின்றி அழைக்க வேண்டும்.

இதயமுடுக்கி பொருத்தியவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. 2020-இல் வெளிவந்த ஐபோன் 12 முதலாகச் சில கைபேசிகளின் பின்புறத்தில் காந்தங்கள் அமைக்கப்பட்டுள்ளன. காந்தம் மிக அருகில் வந்தால் இதயமுடுக்கி தன் வழக்கமான இயக்கத்தை மாற்றிக்கொள்ளக்கூடும். அதிர்ச்சி தந்து துடிப்பைச் சீராக்கும் கருவியாயின், தேவைப்படும் வேளையில் செயல்படாமல் இருந்துவிடக்கூடும். கைபேசியை அகற்றியதும் கருவி பழைய நிலைக்குத் திரும்பும். எனவே அச்சம் தேவையில்லை. கைபேசியைச் சட்டையின் மேற்பையில் வைக்காமல், கருவியிலிருந்து 15 செ.மீ.க்கு மேற்பட்ட தொலைவில் வைத்தால் போதும். கம்பியில்லா மின்னேற்றத்தில் இருக்கும்போது 30 செ.மீ.க்கு மேல் விலகியிருக்க வேண்டும். பேசும்போது கருவி இல்லாத பக்கத்துக் காதில் வைத்துப் பேசுங்கள்.

தாமே இவற்றைச் செய்ய இயலாத பெரியவர்கள், அடுத்த முறை புறநோயாளிப் பிரிவுக்கு வரும்போது கைபேசியையும் மருந்துச் சீட்டையும் கொண்டுவந்து, எங்கள் செவிலியரிடம் கேட்கலாம். காத்திருக்கும் நேரத்திலேயே நிரப்பிவிடலாம். கைபேசியை நீங்களே திறந்து கொடுங்கள். உங்கள் இரகசிய எண்ணை எங்களிடம் சொல்ல வேண்டியதில்லை.